மின்னஞ்சல்: பொருளும் வழக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னஞ்சல் என்னும் சொல் சரியாக எதைக் குறிக்கிறது?

இந்த ஒரு சொல் மூன்று பொருள்களைச் சுமக்கிறது. கணினி வலையமைப்பு வழியாக ஒருவர் எழுதியதை மற்றொருவரின் பெட்டியில் சேர்க்கும் ஏற்பாடு முழுவதும் மின்னஞ்சல். அந்த ஏற்பாட்டில் செல்லும் தனித்தனிச் செய்தியும் மின்னஞ்சல். விண்ணப்பப் படிவத்தில் "மின்னஞ்சல்" என்று மட்டும் அச்சிட்டு எதிரே கோடு போட்டிருந்தால், அங்கே அது முகவரி. "மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்பதில் முதற்பொருளும், "காலையில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன" என்பதில் இரண்டாம் பொருளும், "உங்கள் மின்னஞ்சலைச் சொல்லுங்கள்" என்பதில் மூன்றாம் பொருளும் வருகின்றன.

பேச்சில் இதனால் குழப்பம் நேர்வதில்லை. சுற்றறிக்கையிலும் ஒப்பந்தத்திலும் நேரும். "வாடிக்கையாளர்கள் தங்கள் மின்னஞ்சலை மாற்றிக்கொள்ள வேண்டும்" என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், மாற்ற வேண்டியது முகவரியா, சேவையா என்று படிப்பவர் திகைப்பார். அத்தகைய இடங்களில் மின்னஞ்சல் முகவரி, மின்னஞ்சல் சேவை, மின்னஞ்சல் செய்தி என்று விரித்தெழுதுவதே முறை.

சொல் எவ்வாறு அமைந்தது? "மினஞ்சல்", "மின் அஞ்சல்" என்றெல்லாம் எழுதுவது பிழையா?

மின், அஞ்சல் என்னும் இரு சொற்கள் சேர்ந்தது இது. "மின்" என்பது ஒரு குற்றெழுத்தும் அதையடுத்து ஒரு மெய்யும் கொண்ட சொல். அத்தகைய சொல்லின் முன் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும் என்பது நன்னூல் விதி. "தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்" என்று பள்ளியில் பலரும் மனப்பாடம் செய்ததுதான். பொன், அணி இரண்டும் பொன்னணி ஆவது போல இதுவும் மின்னஞ்சல் ஆகிறது. ஆகவே ஒற்றை னகரத்தோடு எழுதுவது பிழை. பிரித்து "மின் அஞ்சல்" என்று எழுதுவதைப் பிழை என்று தள்ள முடியாவிட்டாலும், ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று நிலைத்துவிட்ட பிறகு பிரிப்பதற்குக் காரணம் இல்லை.

"மின்" என்பதன் பழைய பொருள் மின்னல், ஒளிர்வு என்பவை. அதிலிருந்து மின்சாரம் வந்தது. மின்சாரத்திலிருந்து மின்னணு வந்தது. மின்கட்டணத்தில் உள்ள மின் மின்சாரத்தையும், மின்னிதழில் உள்ள மின் மின்னணு வழியையும் குறிப்பதை யாரும் சொல்லித்தராமலே தமிழ் படிப்போர் பிரித்தறிகின்றனர்.

அஞ்சல் என்றால் அச்சம் என்றுதானே பொருள்? அது எப்படிக் கடிதப் போக்குவரத்தைக் குறித்தது?

அஞ்சுதல் என்னும் பொருளிலும் அஞ்சல் என்னும் சொல் உண்டு. "அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்" என்று 428ஆம் குறளில் வருவது அதுதான். கடிதப் போக்குவரத்தைக் குறிக்கும் அஞ்சல் வேறு. ஒலி ஒன்றுபட்டதே தவிரப் பொருள் வழி ஒன்றல்ல.

இந்த இரண்டாவது அஞ்சலுக்குள் ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்கி அடுத்தவரிடம் ஒப்படைத்தல் என்னும் கருத்து இருக்கிறது. இலங்கையில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் கோலைக் கைமாற்றி ஓடும் ஓட்டத்தை அஞ்சல் ஓட்டம் என்பர். தமிழ்நாட்டில் அதுவே தொடர் ஓட்டம். ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை "அஞ்சல் செய்தல்" என்று அகில இந்திய வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் சொல்லிக் கேட்டவர்கள் பலர் இருப்பர். திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் நடத்திய கடிதப் போக்குவரத்துக்கு அஞ்சல் என்பதே பெயர். சலங்கை கட்டிய கோலுடன் அஞ்சலோட்டக்காரர் பையைச் சுமந்து ஓடிய அந்த அமைப்பு 1951இல்தான் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்ததால் இது தமிழ் நிலத்துக்கு வெளியே நடந்த கதையன்று.

மின்னஞ்சல் இயங்கும் விதமும் இந்தக் கைமாற்றல்தான். மதுரையில் ஒருவர் அனுப்பு பொத்தானை அழுத்தியதும் அவருடைய செய்தி கொழும்பிலுள்ள நண்பரின் கணினிக்கு நேராகப் போவதில்லை. முதலில் அவருடைய சேவை நிறுவனத்தின் சேவையகம், அதாவது பிற கணினிகளுக்குச் சேவை தரும் கணினி, அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு முகவரியில் @ குறிக்குப் பின்னுள்ள பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்குரிய அஞ்சலை ஏற்கும் சேவையகம் எது என்று விசாரித்து, அதனிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சேவையகம் அப்போது இயங்கவில்லை என்றால் செய்தியை வரிசையில் நிறுத்திவைத்து மீண்டும் மீண்டும் முயல்கிறது. 4 அல்லது 5 நாள்களேனும் முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புவதற்கான பொது விதியாகிய நெறிமுறை சொல்கிறது. கைவிட்டால் "சேர்க்க இயலவில்லை" என்னும் அறிவிப்பு அனுப்பியவருக்கே திரும்பி வரும். பெறுபவர் விழித்திருக்க வேண்டியதில்லை, அவருடைய கணினி இயங்க வேண்டியதும் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குச் செய்தி, மடல், கடிதம் ஆகியவற்றைவிட அஞ்சல் என்னும் சொல் ஏன் பொருந்துகிறது என்பது இங்கே விளங்கும். சொல்லை ஆக்கியவர்கள் இவ்வளவும் எண்ணித்தான் ஆக்கினார்களா என்பது வேறு. வாய்த்த சொல் நல்ல சொல்.

தந்தியும் தொலைநகலும் மின்வழியே சென்றவைதாம். அவற்றை ஏன் மின்னஞ்சல் என்பதில்லை?

ஆங்கிலத்தில் "எலக்ட்ரானிக் மெயில்" என்னும் தொடர் 1970களில் தொலைநகல் முதலியவற்றையும் சேர்த்தே குறித்தது. கணினிக்குக் கணினி செல்லும் செய்திக்கு மட்டும் உரியதாக அது சுருங்கியது பின்னர்தான். தமிழில் அந்தக் குழப்பமே எழவில்லை. மின்னஞ்சல் என்னும் சொல் பரவுமுன்னே தந்தியும் தொலைநகலும் தமக்கெனப் பெயர் பெற்றிருந்தன. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது, குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்று செய்தித்தாள்கள் எழுதின. மூன்றும் வேறு வேறு என்பது வாசகர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

மின்மடல், மின்கடிதம் ஆகியவை தவறா?

தவறல்ல. ஆனால் அவை செய்தியை மட்டுமே குறிக்கின்றன. "மின்மடல் சேவையகம்" என்றால் காதில் உறுத்துகிறது. "மின்னஞ்சல் சேவையகம்" என்பது உறுத்தவில்லை. நண்பருக்கு எழுதும்போது மின்மடல் என்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது என்று சிலர் விரும்பி எழுதுகின்றனர், எழுதட்டும். அரசுப் படிவம், பாடநூல், அகராதி, சிங்கப்பூர் – மலேசிய நாளிதழ்கள், இலங்கைத் திணைக்கள அறிவிப்பு என எங்கு நோக்கினும் மின்னஞ்சலே நிலைபெற்றுவிட்ட நிலையில் இரண்டில் எது சிறந்தது என்று இனியும் வாதிடுவது பொழுதுபோக்கு மட்டுமே. அஞ்சலுக்கு இணையாகத் தபால் என்னும் சொல் இவ்வளவு வேரூன்றிய மொழியில் "மின்தபால்" என்பது வழக்கில் ஊன்றவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது.

"மெயில்" என்று எழுதலாமா? ஈமெயிலா, இமெயிலா, இ-மெயிலா?

பேச்சில் மெயில்தான். "மெயில் போட்டிருக்கேன், பாருங்க சார்" என்பவரைத் திருத்தப் புகுவது வீண்வேலை. கதையில் உரையாடல் எழுதும்போதும் அதையே எழுத வேண்டும். அலுவலகத்துப் பாத்திரம் தன் மேலாளரிடம் "மின்னஞ்சல் அனுப்பியுள்ளேன்" என்று சொன்னால் அந்த உரையாடல் உயிரற்றுப்போகும். எழுத்து நடையில் மின்னஞ்சல் என்பதே போதும். இரண்டையும் ஒரே பத்தியில் மாற்றி மாற்றி எழுதுவதுதான் கண்ணை உறுத்தும்.

ஒலிபெயர்த்தே எழுத விரும்புவோர் ஈமெயில் என்று நெடிலில் எழுதினால் மூல ஒலிப்புக்கு நெருங்கி நிற்கும். இடைக்கோடு ஆங்கிலத்திலேயே உதிர்ந்து வருகிறது. கணினி அறிஞர் டொனால்டு கனூத் அதை விட்டுவிடச் சொல்லிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2011இல் அமெரிக்கச் செய்தி முகமையான அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேடும் அதை நீக்கியது. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் அதே எழுத்துக்கோவை எனாமல் பூச்சைக் குறிக்கும் சொல்லாக முன்பே இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கனடாவின் பிரெஞ்சு மொழி மாநிலமான கியூபெக்கில் பிறந்த "கூரியல்" என்னும் சொல்லை 2003இல் அரசு வழக்காக ஏற்றனர். ஆயினும் அங்கும் வாய்மொழியில் மெயில் ஓயவில்லை.

வினையாக எப்படி எழுதுவது? எங்கே ஒற்று மிகும்?

"மின்னஞ்சல் அனுப்பு", "மின்னஞ்சலில் தெரிவி", "மின்னஞ்சல் வழியாக அனுப்பு" ஆகியவை இயல்பானவை. "மின்னஞ்சல் செய்" என்பது புழங்கினாலும், செய்யப்படுவது என்ன என்ற ஐயத்தைத் தருவதால் இரண்டாந்தரம். "அவருக்கு மின்னஞ்சலினேன்" என்பது போலப் பெயரையே வினையாக்குவது வேடிக்கைக்கு ஆகும், விண்ணப்பத்துக்கு ஆகாது.

மின்னஞ்சலைத் திறந்தார், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினார் என்று ஐ, கு உருபுகளுக்குப் பின் ஒற்று மிகும். மின்னஞ்சல் கிடைத்தது, மின்னஞ்சலில் கேட்டார் என்பவற்றில் மிகாது. மின்னஞ்சல் பெட்டி என்பதைப் பழைய முறைப்படி மின்னஞ்சற்பெட்டி என்று எழுதலாம். இன்று எழுதுவோர் அரியர்.

மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தமிழரா?

ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப் முதலிய பகிரிகளில் சுற்றும் கேள்வி இது. விடையைச் சற்று விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட 1960களிலேயே, அதைப் பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் குறிப்பு விட்டுச்செல்லும் வசதி இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாம் வான் வ்லெக்கும் நோயல் மோரிசும் 1965இல் அத்தகைய நிரல் ஒன்றை எழுதினர். ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு வலையமைப்பு வழியே முதல் செய்தியை அனுப்பியவர் ரே டாம்லின்சன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானெக் அண்டு நியூமன் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1971இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் இருந்த இரண்டு கணினிகளுக்கிடையே அதைச் செய்து காட்டினார். பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் @ குறியால் பிரித்தவரும் அவரே. அவர் 2016இல் மறைந்தார்.

மும்பையில் பிறந்த தமிழ்க் குடும்பத்தவரான சிவா அய்யாதுரை, 1978இல் தம் 14ஆம் வயதில், நியூ ஜெர்சியில் அப்போது இருந்த மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக அலுவலகக் குறிப்பாணைகளைக் கணினியில் அனுப்பும் நிரலை எழுதினார். அதற்கு ஈமெயில் என்றே பெயரிட்டு 1982இல் அமெரிக்காவில் பதிப்புரிமை பெற்றார். அந்த வயதில் அது பாராட்டத் தக்க பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழ் ஏடுகள் "காப்புரிமை பெற்றார்" என்று எழுதுவதால் சிக்கல் வருகிறது. பதிப்புரிமை என்பது எழுதிய நிரலைப் பிறர் படியெடுக்காதவாறு காப்பது. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்குத் தரப்படுவது. அவர் பெற்றது முன்னது. தாமே மின்னஞ்சலைக் கண்டுபிடித்ததாக அவர் கூறுவதைக் கணினி வரலாற்றாளர்கள் ஏற்கவில்லை. 1978க்கு முன்பே கணினிகளுக்கிடையே அஞ்சல் சென்றுகொண்டிருந்ததும், அதன் தலைப்புவரிகளுக்கு நெறிமுறை வகுக்கப்பட்டிருந்ததும் ஆவணங்களில் பதிவாகியுள்ளன.

இந்தியப் பங்கைத் தேடுவோர் ஏனோ கண்டுகொள்ளாத பெயர் ஒன்று உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்த அபய் பூஷண், வலையமைப்பில் கோப்புகளை அனுப்பும் நெறிமுறையை 1971இல் எழுதியவர். அனுப்புநர், நாள், பொருள் ஆகிய தலைப்புவரிகளை ஒழுங்குபடுத்திய 1973ஆம் ஆண்டு ஆவணத்தில் டாம்லின்சன் முதலானோருடன் அவர் பெயரும் உள்ளது. இன்று நாம் ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும் காண்பது அந்த ஒழுங்கின் வளர்ச்சிதான்.

@ குறியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"அட்" என்றாலே போதும். நம் நாட்டில் "அட் த ரேட்" என்று நீட்டிச் சொல்வதற்குக் கணக்குப் பதிவே காரணம். ஒரு பொருளின் விலையைக் குறிக்கும்போது "இன்ன விலை வீதம்" என்பதற்கு வணிகர்கள் பயன்படுத்திய குறி அது. தட்டச்சுப் பலகையில் ஏற்கெனவே இருந்ததாலும், ஆள் பெயர்களில் வராததாலும் டாம்லின்சன் அதை எடுத்துக்கொண்டார். இத்தாலியர் நத்தை என்கின்றனர், டச்சுக்காரர் குரங்கு வால் என்கின்றனர், ரஷ்யர் நாய் என்கின்றனர். தமிழில் இப்படி ஒரு செல்லப்பெயர் இன்னும் ஊன்றவில்லை.

மின்னஞ்சல் எழுதும் திரையில் உள்ள மற்றச் சொற்களுக்குத் தமிழில் என்ன?

இவற்றில் பெரும்பாலானவற்றைப் புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தால் போதும்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, கீழே நகல். மின்னஞ்சல் திரையின் மேற்பகுதி ஏறக்குறைய இதுவேதான். அனுப்புனர், பெறுனர் என்று எழுதுவது பரவலான பிழை, "ந" என்னும் எழுத்தே சரி.

"நகல்" என்பதன் பின்னே கார்பன் தாள் இருக்கிறது. தட்டச்சு எந்திரத்தில் இரு தாள்களுக்கிடையே கரித்தாள் வைத்து எடுத்த படியை மேலதிகாரிக்கு அனுப்பிய வழக்கமே மின்னஞ்சலுக்கும் வந்தது. யாருக்கெல்லாம் அனுப்பப்பட்டது என்பதைப் பிறர் அறியாதவாறு அனுப்பும் படியை மறைநகல் எனலாம். இதை அறியாமல் நூறு பேரின் முகவரிகளையும் பெறுநர் வரியில் திறந்து போட்டு அழைப்பிதழ் அனுப்புவோர் இன்றும் உள்ளனர். வந்திருப்போரின் கைப்பேசி எண்களையெல்லாம் திருமண மண்டப வாசலில் எழுதி ஒட்டுவதற்கு நிகரான செயல் அது.

பொருள் வரியைப் பற்றி ஒரு சொல். "விடுப்பு" என்று மட்டும் எழுதினால் அது தலைப்பு. "ஜூன் 12 முதல் 14 வரை விடுப்பு வேண்டுதல்" என்று எழுதினால் திறவாமலே அலுவலர் முடிவெடுக்கலாம். விளிக்கும் முறை கடிதத்தினின்று மாறவில்லை: அறிமுகமில்லாத அலுவலருக்கு மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், அறிந்தவருக்கு அன்புள்ள, இரண்டுக்கும் இடையில் நிற்க விரும்பினால் வெறும் வணக்கம்.

எரிதம் என்றால் என்ன?

கேளாமல் குவியும் விளம்பர அஞ்சலுக்குத் தமிழ்க் கணிமை வட்டாரத்தில் வழங்கும் சொல். ஸ்பேம், குப்பை அஞ்சல் ஆகியவையும் புழங்குகின்றன. பொது வாசகருக்கு எழுதும்போது குப்பை அஞ்சல் என்பதே தெளிவு. இதற்கு முன்னோடி 1978 மே மாதம் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளரான கேரி துர்க், அர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய விளம்பரம்.

மின்னஞ்சலுக்குச் சட்ட மதிப்பு உண்டா?

உண்டு. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்தை எழுத்து ஆவணத்துக்கு இணையாக ஏற்கிறது. எப்போது அனுப்பியதாகக் கொள்வது, எப்போது பெற்றதாகக் கொள்வது என்பதையும் அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு வரையறுக்கிறது: வேறு ஏற்பாடு ஒன்றும் செய்துகொள்ளாதபோது, அனுப்புபவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியேயுள்ள கணினியில் புகும் வேளையே அனுப்பிய வேளை, பெறுபவர் இன்ன முகவரிக்கு அனுப்புக என்று குறித்திருந்தால் அதில் புகும் வேளையே பெற்ற வேளை. ஆகவே "நான் திறந்தே பார்க்கவில்லை" என்று சொல்லித் தப்புவது எளிதன்று. நீதிமன்றத்தில் சான்றாக அளிக்கும்போது உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இதற்கான விதி புதிய சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவில் உள்ளது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் இத்தகைய ஏற்பை வழங்குகிறது.

பழைய தமிழ் மின்னஞ்சல்களைத் திறந்தால் ஏன் புரியாத எழுத்துகள் தெரிகின்றன?

மின்னஞ்சலுக்கான 1982ஆம் ஆண்டு நெறிமுறை ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே செல்லும் என்ற எண்ணத்தில் அமைந்தது. பிற எழுத்துகளும் படங்களும் செல்வதற்கான வழியை 1992இல் வந்த மைம் என்னும் நெறி திறந்தது. அப்போதும் தமிழுக்குப் பொதுவான குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் முறை, நிலைபெறவில்லை. ஒருவர் டிஸ்கி என்னும் குறியாக்கத்தில் எழுதினார், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் ஒருவர் தாப் என்னும் குறியாக்கத்தில் எழுதினார், இன்னொருவர் தம் எழுத்துருவுக்கே உரிய தனி முறையில் எழுதினார். கிடைத்த 256 இடங்களில் ஆங்கிலம் தங்கிய பாதியை விட்டு, எஞ்சிய 128 இடங்களில் தமிழெழுத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில் அடுக்கியதால், அதே எழுத்துரு இல்லாத கணினியில் மேற்கோடும் கொம்பும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் தோன்றின. செய்தி கெடவில்லை, உரிய மாற்றி வழியே எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்குக் (யூனிகோடு) கொண்டுவந்தால் இன்றும் படிக்கலாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்னும் மென்பொருளின் பெயரிலேயே அஞ்சல் இருப்பதையும், ஆப்பிள் கணினிகளின் தமிழ் விசைப்பலகைப் பட்டியலில் இன்றும் அஞ்சல் என்று ஒரு தெரிவு இருப்பதையும் இளையோர் அறியாதிருக்கலாம்.

முகவரியையே தமிழில் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். பிற எழுத்துகளிலான முகவரிக்குரிய நெறிகள் 2012இல் வெளிவந்தன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாட்டுப் பெயர்களும் தமிழெழுத்திலேயே இணையப் பெயரின் இறுதியில் வர இயலும். ஜிமெயில் 2014 முதல் இத்தகைய முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் இடம் தருகிறது.

நடைமுறையில் இரண்டு தடைகள். முதலாவது, @ குறிக்கு முன்னுள்ள பகுதி, கணினியில் இடத்தை அளக்கும் அலகாகிய பைட்டுக் கணக்கில், 64 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. "முத்துக்குமார்" என்பது கண்ணுக்கு ஏழு எழுத்து, ஆனால் மு என்பது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு, த் என்பது தகரமும் புள்ளியுமாக இரண்டு என்று எண்ணிச் சென்றால் 14 குறியீடுகள், அதாவது 42 பைட்டு. தந்தை பெயரையும் சேர்த்து எழுத நினைத்தால் இடம் தட்டுப்படும். இரண்டாவது தடை பெரிது: வங்கி, தொடர்வண்டி முன்பதிவு, தேர்வு விண்ணப்பம் எனப் பல இணையப் படிவங்கள் ஆங்கில எழுத்தல்லாத முகவரியைக் கண்டதும் "செல்லாத மின்னஞ்சல்" என்று தள்ளிவிடுகின்றன. எனவே தமிழ் முகவரி பெறுவோர் ஆங்கில முகவரி ஒன்றையும் உடன் வைத்துக்கொண்டு, தமிழ் முகவரிக்கு வருபவை அதற்கும் வந்து சேருமாறு அமைத்துக்கொள்வது இப்போதைக்குத் தக்க வழி.